அப்புத்தளையின் கிற்றார்

மின்கிற்றாரை மேல்நாட்டு மோகமென்று தள்ளுவோர் உளர். அவர்கள் கிளாரன்ஸ் விஜேவர்தனவைக் கேட்கவேண்டும். 1943இல் அப்புத்தளையில் பிறந்து 1996இல் மறைந்த இக்கலைஞர், 1960களில் மூன்ஸ்டோன்ஸ் குழுவின் வழியே சிங்களப் பாட்டினுள் அக்கருவியைக் கொணர்ந்த முன்னோடி. விரல்வேகம் காட்டி மருட்டாது, எளிய மெட்டொன்றைத் தந்தியில் தெளிவாக மீட்டிப் பாடும் குரலுக்கு வழிவிடுவது அவர் வாசிப்பு. ஆகவே சங்கீதம் பயிலாதவனும் அதை முணுமுணுத்தான்.

அக்காலத்தில் அதே ஊவா மலையின் லுணுகலைத் தோட்டங்களில் தப்பு ஒலித்தது. அதை அடித்தவர்களை 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் இரு நாடுகளுக்குப் பங்கிட்டது. இன்றைய லுணுகலை இளைஞன் கிற்றாரை எடுக்கட்டும். லயத்தின் கதையைத் தப்பின் தாளத்தில் மீட்டட்டும். எக்கருவியும் நம்முடையதாவது, அதில் நம் மக்கள் பேசும்போதே.