பிடுங்கி நடுவதா, வேரோடு விடுவதா?

தைரொயிட் முழுவதையும் அகற்றப்போகிறார்கள் என்றால் நோயாளி முதலில் கேட்பது, "குரல் போய்விடுமோ?" என்பதுதான். கல்சியம் இறங்குமோ என்று கேட்பவர் அரிது. ஆனால் கூடுதலாக நேர்வது அதுதான். தைரொயிட்டின் பின்புறம் ஒட்டிக் கிடக்கும் நான்கு பராதைரொயிட் சுரப்பிகளே குருதியின் கல்சியத்தைக் காக்கின்றன. ஒன்றின் எடை 30 முதல் 50 மில்லிகிராம். மஞ்சளும் கபிலமும் கலந்த நிறம். கொழுப்பா, நிணநீர்க்கணுவா, சுரப்பியா என்று கைதேர்ந்தவரையே தடுமாற வைக்கும். மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் 1867இல் அச்சிட்ட 'இரண வைத்திய'த்தில் இவற்றைத் தேடிப் பயனில்லை. மனித உடலில் இவற்றை உப்சாலா மருத்துவ மாணவர் ஈவார் சாண்ட்ஸ்ட்ரோம் விவரித்ததே 1880இல்தான்.

சுரப்பி தைரொயிட்டோடு சேர்ந்து வெட்டுப்பட்டாலோ, அதற்குக் குருதி கொடுக்கும் நுண்ணிய நாடி அறுந்து வெளிறிப்போனாலோ என்ன செய்வது? எடுத்துக் குளிர்ந்த உப்புநீரில் இட்டு, ஒரு மில்லிமீற்றர்த் துண்டுகளாக நறுக்கி, கழுத்தின் பக்கத் தசையில் சிறு பை வெட்டி, உள்ளே வைத்துத் தைத்துவிடுவார்கள். அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹால்ஸ்டெட் 1909இல் நாய்களில் சோதித்ததை, பொஸ்ரனின் பிராங்க் லாஹே 1926இல் மனிதரில் செய்து எழுதினார். உப்புநீரில் கொழுப்பு மிதக்கும், சுரப்பி தாழும் என்பது பழைய கைப்பக்குவம். நிணநீர்க்கணுவும் தாழும் என்பதுதான் சிக்கல். புற்றுநோய்க்காகச் செய்யும் சத்திரசிகிச்சையில் ஒரு நுனியை உறைவெட்டுச் சோதனைக்கு (உறையவைத்து வெட்டி உடனே நுணுக்குக்காட்டியில் பார்ப்பது) அனுப்பாமல் நட்டால், சுரப்பி என்று நினைத்துப் புற்றையே தசைக்குள் விதைத்துவிடலாம். இலங்கைப் பெண்களிடையே தைரொயிட் புற்றுநோய் முன்வரிசையில் இருக்கும்போது இதைச் சிறு விடயமாகத் தள்ள முடியாது.

இந்த முறையின் பலம் வெளிப்படையானது. குருதி நின்றுபோன சுரப்பியை இருந்த இடத்தில் விட்டால் அது செத்துப்போகும். தசைக்குள் வைத்தால் சில வாரங்களில் புதுக் குழாய்கள் முளைத்துப் பிழைக்க வாய்ப்புண்டு. போதிய சுரப்பிகள் பிழைக்காவிட்டால் ஆயுள் முழுக்கக் கல்சியக் குளிசை, அதோடு விற்றமின் டி வகையான அல்பாகல்சிடோல். அளவு குறைந்தால் கைகால் இழுக்கும். கூடினால் சிறுநீரகம் கெடும். வேறு ஊர்களில் இது வெறும் தொந்தரவாக இருக்கலாம். 1990களின் பொருளாதாரத் தடையையும், 2006இல் ஏ9 பாதை மூடப்பட்டதையும், 2022இன் மருந்துத் தட்டுப்பாட்டையும் கண்ட யாழ்ப்பாணக் குடாநாட்டில், தினக் குளிசையை நம்பி வாழ்வது வேறு கணக்கு. கெட்டுப்போன ஒரு சுரப்பியைக் குப்பைக்குள் போடாமல் காப்பாற்ற வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான நியாயம் எனக்குத் தெரியவில்லை.

அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு, நல்லாயிருக்கும் சுரப்பியையும் பிடுங்கி நடலாம் என்று போனால்தான் தவறு. ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஒன்றையாவது வழக்கமாக நட வேண்டும் என்று வாதிட்டவர்கள் உண்டு. அதற்கு எதிரான வலுவான சான்று பார்சிலோனாவிலிருந்து 2015இல் வந்தது. 600க்கு மேற்பட்ட நோயாளிகளில், நான்கு சுரப்பிகளும் இருந்த இடத்திலேயே எஞ்சியவர்களில் நூற்றுக்கு மூவருக்கும் குறைவாகவே நிரந்தரப் பராதைரொயிட் குறைபாடு. ஒன்றோ இரண்டோ மட்டும் எஞ்சியவர்களில் நூற்றுக்கு 16 பேருக்கு. நட்டவை இந்த இடைவெளியை நிரப்பவில்லை. சுரப்பிகள் ஏற்கெனவே சிதைந்த, கடினமான கழுத்துகளில்தான் நடுகை கூடுதலாக நடக்கிறது. ஆகவே பழி முழுவதையும் அதன்மேல் போடுவது நியாயமல்ல. என்றாலும் நட்டதை இருந்ததற்குச் சமமாக எண்ணக் கூடாது என்ற அளவுக்கு அந்தக் கணக்கு போதும்.

இன்னொரு குறை பற்றிப் பேச்சே இல்லை: கழுத்தில் நட்டது வேலை செய்கிறதா என்று அறிய வழியில்லை. பக்கத்தில் எஞ்சிய சுரப்பிகளும் அதே ஹோர்மோனைத்தான் சுரக்கின்றன. 1970களில் சாமுவேல் வெல்ஸ் செய்ததுபோல் முன்கையில் நட்டால், இரு கைகளின் குருதியையும் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். கழுத்தில் நட்டவரோ "நட்டாயிற்று" என்ற திருப்தியோடு போய்விடலாம். தோல்வி அவர் கண்ணில் படாது. புதிய கருவிகளும் இதைத் தீர்க்கவில்லை. அகச்சிவப்புக் கமராக்கள் 2018 முதல் அமெரிக்க அனுமதியோடு சுரப்பியை ஒளிரவைத்துக் காட்டுகின்றன. தேடுவதற்கு நல்ல உதவி. ஆனால் குருதியோட்டம் அற்ற சுரப்பியும் அதே மாதிரி ஒளிர்கிறது.

நட்ட சுரப்பி விழித்தெழ வாரங்கள் ஆகும் என்பதைத்தான் குடாநாட்டில் அதிகம் யோசிக்க வேண்டும். கல்சியம் அடிமட்டத்துக்கு இறங்குவது இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். அதற்குள் வீட்டுக்கு அனுப்பப்பட்ட நெடுந்தீவுப் பெண்ணுக்கு இரவில் உதட்டைச் சுற்றி விறைத்து, விரல்கள் குவிந்து பிடித்துக்கொண்டால், குறிகட்டுவான் துறைக்கு வழமையான படகு விடிந்த பிறகுதான். கடலில் மட்டும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். சத்திரசிகிச்சை முடிந்த சில மணித்தியாலங்களில் பராதைரொயிட் ஹோர்மோன் அளவைப் பார்த்தால், யாரை மறிக்க வேண்டும், யாரை விடலாம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்தச் சோதனைக்கு வசதியில்லாத இடத்தில் எல்லோருக்கும் கல்சியக் குளிசை கொடுத்து அனுப்புவது கொஞ்சம் முரட்டு வழிதான், ஆனால் பாதுகாப்பானது.

கீழ்த்தைரொயிட் நாடியை அடியில் கட்டாமல், அதன் கிளைகளைத் தைரொயிட்டின் உறையோடு ஒட்டி ஒவ்வொன்றாகக் கட்டும் பொறுமையே முதல் வைத்தியம். நடுகை அதற்கு அடுத்தது. நட்டால், எத்தனை சுரப்பி, எந்தப் பக்கத் தசை, அடையாளத்துக்கு எந்த நிறத் தையல் என்பது நோயாளி வீட்டுக்குக் கொண்டுபோகும் டயக்னோசிஸ் அட்டையிலும் இருக்க வேண்டும். சத்திரசிகிச்சைக் குறிப்பில் மட்டும் இருந்தால், பத்து வருடம் கழித்து வேறொரு வைத்தியசாலையில் அதே கழுத்தைத் திறப்பவருக்கு அது கிடைக்காது.