காவிரித் திட்டும் பட்டிப்பளைத் தீவும்

"உங்க சிலோன்ல இந்த மாதிரி எல்லாம் ஏது சார்? பீச்சும் புத்தர் சிலையும்தானே!"

சொன்னவர் சேலத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். இடம், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் காவிரி நடுவே உள்ள ரங்கனதிட்டுப் பறவைகள் சரணாலயம். படகுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். பகிடியாகத்தான் சொன்னார், முறுக்குப் பொதியையும் என் பக்கம் நீட்டினார். இருந்தாலும், மட்டக்களப்பான் ஒருவனிடம் தண்ணீரையும் பறவையையும் பற்றி இப்படிக் கதைக்கலாமா? எங்கள் நகரத்தின் நடுப்பகுதிக்குப் பெயரே புளியந்தீவு. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை என்று வாவியை வைத்தே திசை சொல்கிற சனம் நாங்கள். முறுக்கைத் தின்ற வாயால் உடனே சண்டை பிடிக்க முடியவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

முதலில் அவர்களுக்குரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ரங்கனதிட்டு வடிவான இடம். மைசூரில் காலைத் தோசையை முடித்துக்கொண்டு புறப்பட்டால் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். அந்தத் திட்டுகள் இயற்கையாகவே உண்டானவை அல்ல. 1640களில் மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜ உடையார் காவிரிக்குக் குறுக்கே ஓர் அணை கட்டினார். தேங்கிய தண்ணீரில் மேடுகள் திட்டுகளாக எஞ்சின. அவற்றில் மருதும் மூங்கிலும் தாழையும் வளர்ந்தன, கூடு கட்டப் பறவைகள் வந்தன. பறவை அறிஞர் சாலிம் அலி வந்து பார்த்துவிட்டு மைசூர் அரசரிடம் எடுத்துச் சொல்ல, 1940இல் அது சரணாலயமானது. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் ஏறிவிட்டது. ஓர் அரசர் வேளாண்மைக்குக் கட்டிய அணை, இன்னோர் அரசர் காலத்தில் நாரைகளுக்குச் சொந்தமாகியிருக்கிறது. இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அங்கே பறவை கிட்டத்தில் இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். வனத்துறைப் படகோட்டி துடுப்பை (எங்கள் பக்கத்தில் சவள்) சத்தமில்லாமல் போட்டு மரத்தடிக்கே கொண்டுபோய் விடுகிறார். எங்களுக்கு மேலே ஒரு கூட்டில் சங்குவளை நாரை ஒன்று வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றது. இரண்டு சிறகையும் பாதி விரித்து, தலையைத் தாழ்த்தி, அசையாமல் நின்றது. உற்றுப் பார்த்தால் அந்தச் சிறகு நிழலுக்குள் பஞ்சு போன்ற மூன்று குஞ்சுகள். தாய்க்கு மூச்சு வாங்கியது, அலகு திறந்தே இருந்தது. நிழல் நகர நகர அதுவும் காலை மாற்றி மாற்றி வைத்தது. படகில் இருந்த சின்னப் பிள்ளைகள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். கீழே பாறையில் முதலை ஒன்று வாயைப் பிளந்தபடி கிடந்தது. அடுத்த பாறையின் அடிப்புறத்தில் தகைவிலான்கள் மண்ணால் அப்பிய கூடுகள். எல்லாம் ஒரு முற்பகலுக்குள் முடிந்துவிட்டது. வெளியே வந்தால் புல்வெளி, வாங்கு, கட்டுச்சோற்றைப் பிரித்து உட்கார்ந்த குடும்பங்கள்.

வந்த சனத்தில் எல்லா வகையினரும் இருந்தார்கள். மண்டியா பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் தலையில் பூ வைத்து வந்திருந்தார்கள். பெங்களூர் இளைஞர்கள் பீரங்கி அளவு கமெராவோடு, படம் எடுப்பவர்களுக்கென்று உள்ள தனிப்படகுக்குக் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன், வெளிநாட்டவர் கட்டணம் கட்டி. தமிழில் கேட்டேன், தமிழ் தெரிந்த ஊழியர் தமிழிலேயே மறுமொழி சொன்னார். ஆனாலும் ரிக்கற் வெளிநாட்டு ரிக்கற்தான். கடவுச்சீட்டுக்கு மொழி தெரியாது.

சேலத்து ஆசிரியர் இன்னொன்றும் சொன்னார். காவிரிக்குள் மூன்று அரங்கம், மூன்றும் ஆற்றுத்தீவு. ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், சிவசமுத்திரம் மத்தியரங்கம், நம்ம ஸ்ரீரங்கம் அந்தரங்கம் என்று விரல் மடித்தார். "ஒரே ஆறு சார், நம்ம ஆறு" என்றார். கர்நாடகத்து மண்ணில் நின்றுகொண்டு அதைச் சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும். எங்களுக்கும் அப்படி ஓர் ஆறு இருக்கிறது.

அதன் பெயர் பட்டிப்பளை ஆறு. வரைபடத்தில் தேடாதீர்கள், கல்லோயா என்றுதான் போட்டிருக்கும். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்து, இங்கினியாகலையில் அணை எழும்பி, பின்னால் சேனாநாயக்க சமுத்திரம் விரிந்தது. தமிழ்நாட்டார் என்றால் டேம் என்பார்கள். எங்கள் வாயில் கடல் மாதிரியான அந்தத் தண்ணீரும் 'குளம்'தான். காடு முழுக, மலை முகடுகள் தீவுகளாக மிஞ்சின. அதுவரை அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த வேடர் சனத்தின் காடும் தண்ணீருக்கடியில் போனது. குளத்தைச் சுற்றி 1954இல் அமைந்த கல்லோயா தேசிய பூங்கா 25,900 ஹெக்டயர். ரங்கனதிட்டை இதற்குள் எந்த மூலையில் வைத்தாலும் தேடித்தான் பிடிக்க வேண்டும். அளவை வைத்துப் பெருமை பேசுவது நியாயமில்லைதான். என்றாலும் சொல்லாமல் விட மனமில்லை.

இலங்கையில் வாகனத்தில் போய்ப் பார்க்கும் பூங்காக்களே அதிகம். யாலை, வில்பத்து எல்லாம் ஜீப் கணக்கு. படகில் போய்ப் பார்க்கிற தேசிய பூங்கா என்றால் கல்லோயாதான் முன்னுக்கு நிற்கும். விடிய இங்கினியாகலையில் படகேறினால் முதல் அரை மணித்தியாலம் ஒன்றுமே இருக்காது. தண்ணீர், தூரத்து மலை, முகத்தில் அடிக்கிற காற்று, அவ்வளவுதான். மைசூர்க்காரர் இந்த இடத்தில் காசைத் திருப்பிக் கேட்டிருப்பார். பிறகு, முழுகிப்போன காட்டின் பட்ட மரங்கள் தண்ணீருக்கு மேலே கறுப்பாகத் தெரியத் தொடங்கும். ஒவ்வொரு கொம்பிலும் நீர்க்காகம், சிறகை விரித்துக் காயப்போட்டபடி. உச்சிக் கொப்பில் ஆலமரக் கிளை அளவு சுள்ளிகளைக் குவித்து மீன்பிடிப் பருந்தின் கூடு. அதற்கும் அப்பால் பாறைத்தீவு ஒன்று, பறவைத்தீவு என்றே பெயர். எச்சத்தால் வெளுத்த பாறை, காட்டுச் செடிகள், கொக்கும் நாரையும் கூழைக்கடாவும்.

கிட்டப் போக முடியாது. போனால் எல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிடும். எஞ்சினை நிறுத்தி, படகை அலையில் விட்டுவிட்டுத் தொலைநோக்கியால் பார்க்க வேண்டும். இதைத்தான் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கோ இதுதான் மரியாதையான தூரமாகப் படுகிறது. ரங்கனதிட்டு நாரைக்கு மனிதன் பழகிவிட்டான். எங்கள் நாரைக்கு அவன் இன்னும் அந்நியன். (எங்கள் படகில் எஞ்சின் உறுமுவதும் அவர்கள் படகில் துடுப்பு போடுவதும் இந்த வித்தியாசத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அதை அடைப்புக்குறிக்குள்ளேயே விட்டுவிடுகிறேன்.)

அவர்களிடம் இல்லாத ஒன்று எங்களிடம் இருக்கிறது. பங்குனிக்குப் பிறகு தண்ணீர் வற்றி, கரையில் இளம்புல் முளைக்கும்போது யானைகள் இறங்கும். ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு நீந்தியே போகும். தும்பிக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே, சற்றுப் பின்னால் நெற்றியின் மேடு, அதற்குப் பின்னால் குட்டியின் சின்னத் தும்பிக்கை. பறவை பார்க்கப் போனவனுக்கு இது இலவசம்.

இப்படிப் புகழும்போதே எனக்குள் ஒன்று இடறும். கல்லோயா என்ற பெயரைக் கேட்டு எங்கள் பக்கத்து முதியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது நாரை அல்ல. குடியேற்றம், பிறகு 1956 ஆனியில் அந்தப் பள்ளத்தாக்கில் தமிழர் மேல் விழுந்த அடி. அதே குளத்துத் தண்ணீர்தான் வாய்க்கால் வழியே வந்து சம்மாந்துறை, கல்முனை வயல்களை விளைவிக்கிறது. அந்த வயலில் உழவு நடக்கும்போது பின்னாலேயே நடக்கிற கொக்குகளும் அந்தத் தண்ணீரின் பிள்ளைகளே. காவிரியை 'நம்ம ஆறு' என்று கர்நாடகத்தில் நின்று சொல்ல ஒரு சேலத்துக்காரருக்கு உரிமை இருந்தால், பட்டிப்பளையை 'எங்கட ஆறு' என்று சொல்ல எனக்கும் இருக்கிறது. பெயர்ப்பலகை என்ன சொன்னாலும் சரி.

இனி, எங்களுடைய இன்னொரு பறவைச் சரணாலயமான குமண. அது தீவு அல்ல, ஆற்றோரத்து வில்லு. வில்லு என்றால் தமிழ்நாட்டாருக்கு அம்பு நினைவுக்கு வரும். எங்களுக்கு அது காட்டுக்குள் ஆறும் மழையும் நிரப்புகிற ஆழமில்லாத நீர்ப்பரப்பு. கும்புக்கன் ஆற்றோடு தொடுத்த அந்த வில்லில், கண்டல் மரங்களில் பறவைகள் கூடு வைக்கும். 1938இல் சரணாலயம், பிறகு தேசிய பூங்கா, 2010இல் ராம்சார். அங்கே கூடுகட்டும் காலம் வைகாசி தொடக்கம் ஆடி வரை. அதுதான் கதிர்காமப் பாதயாத்திரைக் காலமும். உகந்தை முருகனைக் கும்பிட்டு, காட்டுக்குள் இறங்கி, கும்புக்கன் ஆற்றை இடுப்பளவு தண்ணீரில் கடக்கிற எங்கள் அம்மம்மாக்கள் யாரும் பறவை பார்க்கப் போனவர்கள் அல்ல. வேலைப் பற்றிக்கொண்டு போனார்கள், போகிற வழியில் நாரையையும் கண்டார்கள். தலைச் சுமையை இறக்கி மரநிழலில் சோறு பொங்கும்போது மேலே சிறகடித்தது எது என்று கேட்டால், "அது முருகன்ட கொக்கு" என்று முடித்துவிடுவார்கள். ரிக்கற் எடுத்து, நேரம் பார்த்து, பெயர்ப் பட்டியலில் புள்ளடி போட்டுப் பார்ப்பது ஒரு வகை. இது இன்னொரு வகை. எனக்கு எது உயர்வு என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் அந்த 'முருகன்ட கொக்கு' வெள்ளைக் கொக்கா, நத்தைகுத்தி நாரையா, அரிவாள் மூக்கனா என்று நான் பிரித்தறிந்தது தமிழ்நாட்டில் அச்சான புத்தகங்களைப் பார்த்துத்தான். மா. கிருஷ்ணன் போன்றவர்கள் பறவையைத் தமிழிலேயே எழுதினார்கள். எங்கள் நாட்டில் ஜி. எம். ஹென்றி 1955இல் எழுதிய இலங்கைப் பறவைகள் நூல் அருமையானது, ஆங்கிலத்தில். சாலிம் அலியைப் பற்றி ரங்கனதிட்டுப் படகோட்டியே கதை சொல்கிறார். எங்கள் இங்கினியாகலைப் படகில் ஹென்றியின் பெயர் காதில் விழுந்ததில்லை.

ரங்கனதிட்டிலும் எல்லாம் சுகமில்லை. மேலே கிருஷ்ணராஜ சாகர் அணையில் கதவு திறந்தால் திட்டுகள் முழுகும், படகு நிற்கும், கூடுகளும் போகும். மண்மூட்டை அடுக்கித் திட்டுகளைக் காப்பாற்றுகிறார்கள். எங்கள் தீவோ பாறை. வெள்ளத்துக்கு அசையாது.

ஆகவே என் தீர்ப்பு: கிட்டத்தில் பார்க்க அவர்களுடையது, நெடுநேரம் நினைத்திருக்க எங்களுடையது. பக்கச்சார்பு என்பீர்களானால் இருக்கட்டும். கல்முனை, காரைதீவு, களுவாஞ்சிக்குடிச் சனத்துக்கு ஒரு வார்த்தை. மைசூர் அரண்மனை வரை போய் வருகிறவர்களில் எத்தனை பேர் இங்கினியாகலைப் படகில் ஏறியிருக்கிறீர்கள்? அம்பாறையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர்தான். பங்குனிக்கும் ஆடிக்கும் இடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, விடியற்காலைப் படகுக்குப் போங்கள். கட்டுச்சோறு கொண்டுபோங்கள், பாட்டுப் பெட்டியை வீட்டில் வையுங்கள், பொலித்தீனைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.