‘இனம்’ என்ற சொல்லுக்கு எந்த ஆங்கிலம்?

நம் சங்க மலர்களைப் புரட்டினால் ‘தமிழ் இனம்’ என்ற தொடர் பத்துப் பக்கத்துக்கு ஒருமுறையாவது கண்ணில் படும். தமிழில் அது குற்றமில்லை. ஆனால் அதையே ஆங்கிலத்தில் சொல்ல வரும்போது ‘டமில் ரேஸ்’ என்று எழுதுகிறோம், மேடையிலும் முழங்குகிறோம். வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைங்க தமிழர் வரலாற்றைப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகத்தான் கற்கிறார்கள். ஆகவே இந்த மொழிபெயர்ப்பு பொருந்துமா என்று ஆராய்வது நம் கடமை. பொருந்தாது என்பதே என் துணிபு.

முதலில் தமிழ்ச் சொல்லைப் பார்ப்போம். இனம் என்றால் ஒத்தவை சேர்ந்த கூட்டம். எழுத்துக்களில் வல்லினம், மெல்லினம், இடையினம் உண்டு. பசுக்கூட்டம் ஆனினம். திருக்குறளின் 46ஆம் அதிகாரம் ‘சிற்றினம் சேராமை’. அங்கே இனம் என்பது பிறப்பைக் குறிக்கவில்லை. ஒருவன் தானே தேர்ந்து சேரும் சேர்க்கையைக் குறிக்கிறது. பிறப்பால் வந்ததை யாரும் ‘சேராதே’ என்று சொல்ல முடியாதல்லவா? இவ்வளவு அகலமான சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஒரே சொல்லைத் தேடுவது, ஒரே எடைக்கல்லை வைத்துக்கொண்டு தங்கத்தையும் புளியையும் நிறுப்பது போல. வியாபாரி எவனும் அப்படிச் செய்யமாட்டான்.

‘ரேஸ்’ அப்படிப்பட்ட சொல் அல்ல. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் அதை இரத்தம், எலும்பு, தோல் நிறம் என்ற பொருளில் வளர்த்தார்கள். இந்தியாவில் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி, மூக்கின் அகலத்தையும் நீளத்தையும் அளந்து மனிதரை வகை பிரிக்க முனைந்தவர். அந்த அளவுகோல் பிறகு அறிவியலாரிடமே செல்லாக் காசாயிற்று. 1935இல் ஜூலியன் ஹக்ஸ்லியும் ஹேடனும் ‘ரேஸ்’ என்பதற்குப் பதில் ‘எத்னிக் குரூப்’ என்று வழங்கலாம் என்றார்கள். 1950இல் யுனெஸ்கோ அறிக்கையும் அதே வழியைக் காட்டியது. பொதுவான மொழி, பண்பாடு, வரலாறு, ‘நாம்’ என்கிற உணர்வு, இவற்றால் அமைவது எத்னிக் குரூப்.

‘அப்போ திராவிட இனம் என்னாச்சு?’ என்று கேட்பீர்கள். 1816இல் எல்லிஸ் காட்டியது மொழிகளின் உறவு. 1856இல் கால்டுவெல் எழுதியது திராவிட ‘மொழிக் குடும்பத்தின்’ ஒப்பிலக்கணம். நூலின் பெயரிலேயே அது இருக்கிறது. மொழிக்கு வைத்த பெயரை உடம்புக்கு ஒட்டியது பின்னால் வளர்ந்த பழக்கம்.

அதற்கும் வெகுகாலம் முன்பே இச்சொல் சமணத்தில் வழங்கியது. பத்தாம் நூற்றாண்டில் தேவசேனர் இயற்றிய தர்சனசாரம், வச்சிரநந்தி மதுரையில் திராவிட சங்கம் கண்டதாகச் சொல்கிறது. அதில் குறித்த ஆண்டு கி.பி. 470ஐ ஒட்டி வரும். அதே சங்கத்து முனிவர்கள் ஹொய்சளர் காலக் கன்னட நாட்டுக் கல்வெட்டுகளிலும் வருகிறார்கள். துறவியர் சங்கத்தில் சேர்வது தீட்சையால், இரத்தத்தால் அல்ல. எங்களைப் போன்ற தமிழ்ச் சமணரைக் கண்டால், ‘ஜைனரா? அப்படின்னா சேட்டுதானே?’ என்று கேட்பவர் இன்றும் உண்டு. வந்தவாசிப் பக்கமும் மேல்சித்தாமூரிலும் பரம்பரை பரம்பரையாகத் தமிழ் பேசும் நயினார்களை ‘ரேஸ்’ என்ற கட்டத்தில் எங்கே வைப்பது? சமயம் வேறு, மொழி வேறு, பிறப்பு வேறு.

இது வெறும் அகராதிச் சண்டை இல்லை. நாம் வாழும் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழர் ஒரு ரேஸ் என்று பிள்ளைக்குச் சொன்னால், பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் வேறு ரேஸ் என்றாகிறது. கன்னடமும் திராவிட மொழிதானே! 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையையொட்டி இந்நகரில் நடந்த வன்முறையை மறக்க முடியாது. தண்ணீர்த் தகராறை இரத்தப் பகையாக்கும் சொல்லை இரு தரப்பாரும் பிள்ளைகளுக்குப் பழக்கக்கூடாது. தொம்மலூர்ச் சொக்கநாத சுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. இந்த மண்ணில் தமிழ் பழையது என்று காட்ட அவை போதும். மூக்கை அளக்க வேண்டியதில்லை.

நம் அரசியலமைப்பும் கர்நாடகத்தில் நம்மைப் பார்ப்பது மொழிச் சிறுபான்மையராக, அதாவது ‘லிங்விஸ்டிக் மைனாரிட்டி’யாக. 1956இல் சேர்த்த 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கப் பள்ளியில் தாய்மொழியில் கற்க வசதி செய்துதர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது. ‘ரேஸ்’ என்று மார்தட்டினால் கைதட்டல் கிடைக்கும். தமிழ் வகுப்பு கேட்டு மனுப் போட உதவுவது ‘மொழிச் சிறுபான்மை’ என்ற சொல்தான்.

அப்படியானால் எதைச் சொல்லிக்கொடுப்பது? மக்களைக் குறிக்க ‘டமில்ஸ்’ அல்லது ‘டமில் பீப்பிள்’ போதும். வகைப்படுத்த வேண்டிய இடத்தில் ‘எத்னிக் குரூப்’. திராவிடம் என்றால் ‘டிரவிடியன் லாங்குவேஜஸ்’. ‘ரேஸ்’ என்ற சொல்லை அடியோடு ஒழிக்கவும் வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் 1950ஆம் ஆண்டுச் சட்டம் மக்களை ரேஸ் வாரியாகப் பதிவு செய்ததையும், அமெரிக்கக் கறுப்பின மக்கள் பட்ட பாட்டையும் கற்பிக்கும்போது அந்தச் சொல்லையே சொல்ல வேண்டும். மென்மையாக்கினால் செய்த அநியாயம் மறைந்துபோகும்.

இதே நியாயம் நமக்கும் உண்டு. சாதியை ஆங்கிலத்தில் ‘கம்யூனிட்டி’ என்று நாசூக்காகச் சொல்வது நம்மவர் வழக்கம். கல்யாண விளம்பரத்திலிருந்து சான்றிதழ் வரை அப்படித்தான். பிள்ளை கேட்டால் ‘காஸ்ட்’ என்று நேராகவே சொல்லுங்கள். இல்லாத ரேஸை இருப்பதாகச் சொல்வதும், இருக்கிற சாதியை இல்லாததுபோல் சொல்வதும் ஒரே குறையின் இரண்டு பக்கங்கள்.

நம் சங்கத்து வகுப்புகளில் ஆங்கிலக் குறிப்புகள் எழுதும் அன்பர்கள், அடுத்த முறை ‘இனம்’ என்று வரும் இடத்தில் பேனாவைச் சற்று நிறுத்தி, இங்கே சொல்ல வந்தது மொழியா, மக்களா, சாதியா என்று பார்த்து எழுதினால் போதும். பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள்.