தற்கருத்தும் உளநலமும்: ரோஜர்ஸ் கொள்கை பற்றிய ஓர் ஆய்வு

ஒருவன் தன்னை இன்னான் என்று கருதும் கருத்து அவன் உளநலத்திற்கும் நலிவிற்கும் காரணமாதல் கூடுமோ என்னும் வினா உளவியலார் நெடுங்காலமாக ஆராய்ந்து வருவதொன்றாகும். வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட தம் உளவியற் பெருநூலில், ஒருவன் எய்திய வெற்றியை அவன் அவாவியவற்றால் வகுக்கக் கிடைக்கும் ஈவே அவனது தன்மதிப்பு என்றார். வெற்றி பெருகினும் தன்மதிப்பு உயரும். அவா சுருங்கினும் உயரும் என்பது இதனாற் பெறப்படும். அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர், அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் ரோஜர்ஸ் (1902-1987) தன்னைப் பற்றிய கருத்தினை உளமருத்துவத்தின் நடுவண் வைத்து ஒரு கொள்கை கண்டார். அக்கொள்கையும் அதனை மெய்ப்பிக்க எழுந்த அளவீடும் ஒரு பொருளையே நுவல்கின்றனவா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண் சொல்லைத் தெளிதல் வேண்டும். தன்மை என்னும் சொல் இலக்கணத்தில் பேசுவோனையும் பொதுவழக்கில் பண்பினையும் குறிக்கும். ஆயின் உளவியலார் கருதுவது ஒருவனிடத்து உள்ள பண்பன்று. தன்பால் உள்ளதாக அவன் கொள்ளும் கருத்தேயாம். ஆதலின் அதனைத் தற்கருத்து என்பது பொருந்தும். தன்மதிப்பு இதனின் வேறு. தற்கருத்து ஒருவன் தன்னைத் தீட்டிக்கொண்ட ஓவியம். தன்மதிப்பு அவ்வோவியத்திற்கு அவனே இடும் விலை. இவ்வேறுபாடு பின்னர்ப் பயன்படும்.

இனி ரோஜர்ஸ் கொள்கையைச் சுருங்கக் காண்போம். துணை தேடி வருவோரை நோயாளர் என்றழைக்க அவர் உடன்படவில்லை. நாடி வருவோர் என்னும் பொருளுடைய சொல்லையே ஆண்டார். 1951-இல் வெளிவந்த அவரது நூலின் பெயரும் நாடி வருவோரை நடுவாகக் கொண்ட உளமருத்துவம் என்னும் பொருளதே. அவர் கருத்துப்படி, குழந்தை பிறருடைய அன்பை வேண்டி நிற்பது. அவ்வன்பு, 'இவ்வாறு இருந்தால் மட்டுமே' என்னும் கட்டுப்பாட்டோடு கிடைக்குமாயின், அக்கட்டுப்பாடே நாளடைவில் அதன் தற்கருத்துள் புகுந்துவிடும். 'யான் எவரையும் சினவாதவன்' என்று தன்னைக் கருதி வளர்ந்த ஒருவனைக் கொள்வோம். அவன் உள்ளத்தே தந்தையின்பால் சினம் எழுகின்றது. அச்சினத்தை ஏற்பின் தற்கருத்து சிதையும். ஆகவே சினம் எழவேயில்லை என மறுக்கின்றான். அன்றி, 'இது சினமன்று, அவர் உடல்நலம் பற்றிய கவலை' எனத் திரிக்கின்றான். மறுத்தல், திரித்தல் என்னும் இவ்விரண்டாலும் தற்கருத்துக்கும் அனுபவத்துக்கும் இடையே பிளவு விரிகின்றது. அப்பிளவே உளநலிவின் வேர் என்பது ரோஜர்ஸ் கோட்பாடு. மருத்துவர் பொய்ம்மையற்ற நிலை, கட்டுப்பாடற்ற ஏற்பு, பிறர் உளநிலையை அவர் நின்ற இடத்தினின்று உணரும் உணர்வு என்னும் மூன்றும் உடையராயின், நாடி வந்தோர் தாம் மறுத்தவற்றை அச்சமின்றி நோக்கத் தலைப்படுவர்.

இக்கொள்கையைச் சோதித்தறியச் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த ஆய்வுகளை ரோஜர்ஸும் ரோசலிண்ட் டைமண்டும் தொகுத்து 1954-இல் வெளியிட்டனர். அவற்றுள் பட்லர், ஹெய்க் என்போரின் ஆய்வு பெரிதும் எடுத்தாளப்படுவது. தன்னைப் பற்றிய கூற்றுகள் 100 தனித்தனிச் சீட்டுகளில் எழுதப்பட்டன. ஒருவர் அவற்றை, தமக்கு முற்றும் ஒவ்வாதது முதல் முற்றும் ஒப்பது ஈறாக ஒன்பது அடுக்குகளாகப் பகுத்தார். நடு அடுக்கில் 26 சீட்டுகளும் இரு கடைகளிலும் ஒவ்வொரு சீட்டும் அமைதல் விதி. பின்னர் தாம் எவ்வாறு இருக்க விரும்புகின்றனர் என்பதற்கேற்ப அச்சீட்டுகளையே மீண்டும் பகுத்தார். இரு பகுப்புகளின் ஒற்றுமை ஒட்டுறவுக் கெழுவால் அளக்கப்பட்டது. சிகிச்சைக்கு முன் 25 பேரின் சராசரிக் கெழு −0.01, முடிவில் 0.34, பின்தொடர்ந்து நோக்கியபோது 0.31. சிகிச்சை நாடாத ஒப்பீட்டுக் குழுவினர்க்கு அது 0.58-இலிருந்து 0.59 ஆயிற்று, அஃதாவது மாற்றமில்லை என்றே கூறலாம். உளமருத்துவத்தின் பயனை மருத்துவரின் சொல்லளவில் விடாது எண்ணால் காட்ட முயன்ற இப்பணி போற்றற்குரியது.

ஆயின் ஓர் ஐயம் எழுகின்றது. கொள்கை கூறும் பிளவு, தற்கருத்துக்கும் அனுபவத்துக்கும் இடைப்பட்டது. ஆய்வு அளந்த பிளவு, தற்கருத்துக்கும் விழைவுக் கருத்துக்கும் இடைப்பட்டது. இரண்டும் ஒன்றல்ல. பின்னது சுருங்குதல் முன்னது சுருங்கியதன் விளைவு என ரோஜர்ஸ் கொண்டார். புகை கண்டு தீயை உணர்தல் அளவை நூலார் காட்டும் நெறி. ஆயின் மூடுபனியைப் புகையெனக் கொள்ளின் தீயுண்மை பெறப்படாது. மேற்கூறிய சினமறியா மகனிடம் சீட்டுகளைக் கொடுப்பின், சினவாமையைத் தன் இயல்பாகவும் விழைவாகவும் அவன் ஒரே அடுக்கில் வைப்பன். கெழு உயரும், பிளவோ உள்ளே அவ்வாறே நிற்கும்.

இவ்வையம் வெறுங்கற்பனையன்று. பிளாக், தாமஸ் என்போர் 1955-இல் வெளியிட்ட ஆய்வில், தற்கருத்தும் விழைவும் மிகுதியும் ஒத்திருந்தவர்பால் தம்மை மிகையாக அடக்குதலும் விரும்பாதவற்றை மறுத்தலும் காணப்பட்டன. மிகக் குறைந்த ஒற்றுமை நலமன்மை போலவே மிக்க ஒற்றுமையும் நலமாகாது என்பது இதனாற் புலனாகும். ஜேம்ஸ் காட்டிய ஈவும் இதற்கு அரண் செய்யும். ஓவியம் திருந்தினும், விழைவு தாழினும், கண் மூடிக்கொள்ளினும் கெழு உயர்தல் கூடும். எவ்வழியால் உயர்ந்தது என்பதை எண் கூறாது.

சிகாகோ ஆய்வாளர் இவ்வோரளவையை மட்டும் நம்பினர் என்றல் நேர்மையாகாது. நாடி வந்தோரின் நண்பர்தம் மதிப்பீடு, படங்கண்டு கதை கூறும் சோதனை ஆகியவற்றையும் அவர்கள் உடன் வைத்தனர். பிற்காலத்தோரே பல அளவைகளை மறந்து ஒரு கெழுவைப் பற்றிக்கொண்டனர். அதனால் தற்கருத்து என்னும் ஆழ்ந்த பொருள் தன்மதிப்பு என்னும் எளிய பொருளாகச் சுருங்கியது.

இச்சுருக்கம் ஏட்டளவில் நிற்பதன்று. தன்னைப் பற்றி நிறைவுறப் பேசும் ஒருவரை நலமுற்றார் என்று அனுப்பிவிடின், மறுத்தலையே அரணாகக் கொண்டு வாழ்பவர் துணையின்றி விடப்படுவர். தன் குறையை முதன்முறையாக ஏற்று வருந்தும் ஒருவரோ, நலத்தை நோக்கி நடக்கத் தொடங்கியவராயினும், தாழ்ந்த கெழுவால் நலிந்தவராக எண்ணப்படுவர். எனவே தற்கருத்தை ஆராய்வார் வினவ வேண்டுவது, 'இவர் தம்மை எத்துணை விரும்புகின்றார்?' என்பதன்று; 'தமக்கு நேர்வனவற்றுள் எவற்றை இவரால் தம்முடையன என ஏற்க முடிகின்றது?' என்பதே. ரோஜர்ஸ் கொள்கையின் உயிர்நிலையும் அதுவே என்க.