ஷர்: லிபிய முகாம்களின் நினைவும் ஓர் ஒப்பந்தத்தின் மொழியும்

அரபியில் ‘ஷர்’ என்றால் தீமை. கிழக்கு லிபியாவின் முதியோர், இத்தாலிய வதைமுகாம்களின் காலத்தைக் குறிக்க இந்த ஒரு சொல்லையே வழங்கினர். லிபியாவில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக விளங்கும் அலீ அப்துல்லதீஃப் அஹ்மிதா, 2020இல் வெளிவந்த ‘லிபியாவில் இனப்படுகொலை’ என்னும் தமது ஆங்கில நூலின் துணைத்தலைப்பில் இச்சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்துள்ளார். அது தக்க முடிவு என்பதே நம் கருத்து. ‘இனப்படுகொலை’ 1944இல் சட்ட அறிஞர் ஒருவர் ஆக்கிய சொல். ‘ஷர்’ பட்டவர்களின் சொல்.

1911இல் லிபியாவில் புகுந்த இத்தாலியால் பர்க்கா மக்களின் எதிர்ப்பை இருபதாண்டுகள் அடக்க இயலவில்லை. எனவே 1930இல் படோக்லியோ, கிராசியானி என்னும் தளபதிகள், போராளிகளுக்குச் சோறிட்ட மக்களையே அப்புறப்படுத்தத் துணிந்தனர். ஜபல் அக்தரின் மேய்ச்சற்குடிகள் அகைலா, சுலூக், மக்ரூன், பிரேகா முதலிய முகாம்களுக்கு மந்தைகளோடு ஓட்டிச் செல்லப்பட்டனர். எகிப்திய எல்லையில் முள்வேலி எழுந்தது. 1931 செப்டம்பர் 16 அன்று உமர் முக்தார் சுலூக்கில் முகாம்வாசிகளின் கண்முன்னே தூக்கிலிடப்பட்டார். அடைக்கப்பட்டோர் ஏறத்தாழ 1,10,000 பேர் என்றும், 1934க்குள் மாண்டோர் 60,000 முதல் 70,000 வரை என்றும் அஹ்மிதா கணிக்கிறார். குறைத்துச் சொல்லும் வரலாற்றாசிரியர்களும் பல்லாயிரம் மரணங்களை மறுக்கவில்லை.

முகாம்கள் பற்றிய இத்தாலியக் கோப்புகள் பல கிடைக்காத நிலையில், எஞ்சியோரின் வாய்மொழியையும் நாட்டுப்புறக் கவிதையையும் அவர் சான்றாகக் கொள்கிறார். நூலின் உயிர் இங்கேதான் உள்ளது. அகைலா முகாமில் அடைபட்டிருந்த ஃபகீஹ் ரஜப் புஹுவைஷ் அல்மினிஃபீ பாடிய நெடுங்கவிதையை லிபியர்கள் தலைமுறைகளாக மனனம் செய்துவருகின்றனர். பேச்சுவழக்கு அரபியில் அமைந்தது என்பதால் நம் பாடத்திட்டங்களில் இத்தகைய கவிதைக்கு இடமில்லை. செவ்வியல் இலக்கணம் கற்பிக்கும் நாம் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு கவிதையை ஆவணமாக வாசிக்க இயலும் என்பதை அஹ்மிதா நமக்குக் காட்டியுள்ளார். எனினும், நாஜி ஜெர்மனியின் கொடுமைகளுக்கு லிபியாவை முன்னோடியாக்க அவர் முனையும் பகுதிகளில் சான்றுகளைவிட ஆவலே மிகுந்து நிற்கிறது. அந்த முடிச்சு இல்லாமலேயே நூலின் வாதம் நிற்கக்கூடியது.

இந்நூலை வாசித்த பின் 2008 ஆகஸ்ட் 30இல் பென்காசியில் பெர்லுஸ்கோனியும் கடாஃபியும் ஒப்பமிட்ட உடன்படிக்கையைப் பார்ப்போமாயின் வேறோர் உலகம் தெரிகிறது. அதன் பெயர் நட்பு, கூட்டாண்மை, ஒத்துழைப்பு ஒப்பந்தம். இருபதாண்டுகளில் 500 கோடி டாலர் மதிப்பிலான கட்டுமானங்கள்; அவற்றைக் கட்டுவோரோ இத்தாலிய நிறுவனங்கள். கண்ணிவெடியால் ஊனமுற்றோருக்கு மருத்துவம், மாணவருக்கு உதவித்தொகை என நல்லவையும் உண்டு. அவற்றோடு, ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடப்போரைத் தடுக்கும் பொறுப்பும் லிபியாவின் தலையில் ஏற்றப்பட்டது. கடந்தகாலத்திற்கு வருத்தம் தெரிவிக்கும் அம்முன்னுரையில் ‘இனப்படுகொலை’ என்னும் சொல் இல்லை.

ஃபிக்ஹு நூல்களில் ‘தியத்’ என்னும் உயிரீட்டுத் தொகை கொல்லப்பட்டவரின் வாரிசுகளிடம் சேர்ப்பிக்கப்பட வேண்டியது. ஊர்த்தலைவரோடு கைகுலுக்கி அக்கணக்கைத் தீர்க்க இயலாது. பென்காசியில் கொடுத்தது ஓர் அரசு, பெற்றது ஓர் அரசு. அகைலாவின் வாரிசுகள் எங்கே? இக்குறை இத்தாலிக்கு மட்டும் உரியதன்று. 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்களை அழித்ததை 2021இல் ‘இன்றைய நோக்கில் இனப்படுகொலை’ என ஏற்ற ஜெர்மனி, முப்பதாண்டுகளில் 110 கோடி யூரோ தர முன்வந்தும் அதை ‘இழப்பீடு’ என்று அழைக்க மறுத்தது. அம்மக்களின் பிரதிநிதிகள் பலர் பேச்சுவார்த்தையில் தமக்கு இடமளிக்கப்படவில்லை என்று கூறி அதை நிராகரித்தனர். ஒருவர் சொல்லை மறைத்துப் பணம் தந்தார்; மற்றவர் சொல்லைத் தந்து அதன் சட்டப்பொருளை மறைத்தார்.

லிபிய ஒப்பந்தம் 2011இல் போர் மூண்டபோது இடைநிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு, ஆகஸ்ட் மாதத்தில், உரோமாபுரிக்குக் கிழக்கேயுள்ள அஃபிலே என்னும் சிற்றூரில் பொதுப்பணத்தில் ஒரு நினைவகம் திறக்கப்பட்டது. அது கிராசியானிக்கு எழுப்பப்பட்டது.