கத்தி படாத தேயிலை

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கு வருகிறவர்கள் மரம் பார்க்க விக்டோரியா பூங்காவுக்கும் ஹக்கலைக்கும் போகிறார்கள். ஹோர்ட்டன் சமவெளியில் மஹரத்மல் பூத்துவிட்டது என்று கேள்விப்பட்டால் விடியுமுன் வேன் பிடித்து ஓடுகிற நண்பர்கள் எனக்கும் உண்டு. அந்தச் சிவப்பு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வேனின் இரண்டு பக்கமும் மைல் கணக்கில் தேயிலை ஓடுகிறதே, அதற்கு நடுவில் எங்காவது ஒரு தேயிலை தன் முழு உயரத்துக்கு நிற்கிறதா என்று ஒருவர்கூடத் தேடுவதில்லை. மலைநாட்டில் எனக்குப் பிடித்த மரம் எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: பழைய விதைத் தேயிலை மரம்.

நான் போய்ப் பார்க்கிற மரம் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில், இஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலைக்கு மேலே, ஆளில்லாத லயத்துக்குப் பின்னால் நிற்கிறது. இருபத்தைந்து அடிக்குக் குறையாது. சுற்றி நிற்கும் சவுக்கு அதைவிட உயரம் என்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. பீலிக்கரைப் பாதையில் ஏறி, கிட்டே போக வேண்டும். அடிமரம் வழுவழுப்பாக, சாம்பல் பூத்திருக்கும். வடக்குப் பக்கம் பாசி. முழங்கால் உயரத்திலேயே மூன்றாகப் பிரிந்து, மூன்றும் நேராக மேலே போகின்றன. இலை ஒவ்வொன்றும் என் உள்ளங்கையைவிட நீளம்; நரம்புகளுக்கு நடுவே மேடு தட்டி, ஓரத்தில் பல் வைத்து, ஈரத்தில் பளபளக்கும். அசாம் வகை தேயிலையின் இலை இப்படித்தான் இருக்கும் என்பது தெரிந்த விஷயம். ஆனால் ஏழெட்டு நாளுக்கொரு தடவை கொழுந்தெடுக்கும் செடியில் இந்த இலை இவ்வளவுக்கு வளர விடுவார் யார்? உச்சியில், ஆள் கைக்கு எட்டாத இடத்தில், அதே இரண்டு இலையும் மொட்டும் துளிர்த்து, முற்றி, வளர்ச்சி நின்று வங்கியாகிக் கிடக்கின்றன.

பூவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெள்ளை இதழ் ஐந்தோ ஆறோ ஏழோ. நடுவில் மஞ்சள் கேசரம் கொத்தாக, இதழைவிட அதுவே கண்ணில் படும். காம்பு வளைந்து பூ கீழே பார்ப்பதால், மரத்தடியில் நின்று அண்ணாந்தால் அத்தனையும் நம்மையே பார்க்கும். மணம் உண்டு, மெல்லியது. வெயில் ஏறுமுன் போனால்தான் பிடிபடும். அதே கிளையில் போன வருடத்துப் பூவின் காயும் இருக்கும். தேயிலைக் காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கிறது. பூவும் காயும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது அதனால்தான். காய் பெரும்பாலும் மூன்று புடைப்பு. வெடித்தால் உள்ளே போளை மாதிரி உருண்ட பழுப்பு விதை.

துரைமார் பங்களாத் தோட்டங்களில் நட்டு வளர்த்த சிவப்புக் கமேலியாவுக்கு உயிர்விடுகிற ரசிகர் ஒருவரோடு இது பற்றி நெடுநாள் வாதம். கமேலியா தேயிலையின் கூடப்பிறந்த இனம். இரண்டும் ஒரே பேரினம். சிவப்பும் அடுக்கடுக்கான இதழும் அதற்கு இருக்கலாம், மணம் அநேகமாக இல்லை. தேயிலைப் பூவுக்கு இருக்கிற அடக்கமும் கேசரத்தின் அந்த நிறைவும் எனக்குப் பெரிது. அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த மரத்தின் அருமை விதையில் இருக்கிறது. தேயிலை தன் மகரந்தத்தில் தானே அநேகமாகக் காய்ப்பதில்லை. வேறொரு மரத்து மகரந்தம் வர வேண்டும். அதனால் ஒரே மரத்தடியில் பொறுக்கிய நூறு விதையும் நூறு விதமாக முளைக்கும். ரயிலில் ஹட்டன் பக்கம் வரும்போது விதையில் முளைத்த பழைய சீட் தேயிலை மலையைக் கவனித்துப் பாருங்கள். ஒரு செடி கரும்பச்சை, பக்கத்துச் செடி மஞ்சள் ஓடியது, அதற்கடுத்தது செம்பு நிறத்தில் துளிர்த்திருக்கும். வீ.பி. மலை எனப்படும் பதியன் தேயிலை மலையில் அது கிடையாது. கண்ணுக்கு எட்டியவரை ஒரே நிறம், ஒரே இலை. விளைச்சலுக்கு அது நல்லது என்பதில் சந்தேகமில்லை. கண்ணுக்குச் சலிப்பு.

1839 இல் அசாம் விதைகள் கல்கத்தாவிலிருந்து பேராதனைக்கு வந்தன. அடுத்த ஆண்டே நுவரெலியாவில் கன்று நட்டார்கள். 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இரண்டே வருடத்தில் கோப்பி இலைத்துரு நோய் வந்தது, பின்னர் கோப்பி அழிந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் தேயிலை 3 லட்சம் ஏக்கரைத் தாண்டியது, அத்தனையும் விதை போட்டு வந்தது. நம் பாட்டன்மார் தோளில் சுமந்து மலையேற்றிய ஒவ்வொரு கன்றுக்கும் எங்கோ ஒரு தாய்மரம் இருந்திருக்கிறது. தோட்டங்கள் விதைக்கென்று மரங்களை வெட்டாமல் விட்டு வளர்த்தன. விதையைத் தண்ணீரில் போட்டு, அமிழ்ந்ததை மட்டும் எடுத்து, மிதந்ததை ஒதுக்குவார்கள்.

பிறகு தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் டி.ஆர்.ஐ. 2025 போன்ற இனங்கள் வந்தன. ஓர் இலையும் ஒரு கணுவும் போதும், கன்று ரெடி. விதை மரத்துக்கு வேலை போயிற்று. தோட்டங்கள் 1975 இல் அரசிடம் போயின, 1992 இல் கம்பெனிகளிடம் வந்தன. எந்தக் கை மாற்றத்திலும் இந்த மரங்களைக் கணக்கில் எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. நான் சிறுவனாகப் பார்த்த தோப்பொன்று மொத்தமாக விறகாகி அடுப்புக்குப் போனது. இன்று இளம் உத்தியோகத்தர்களிடம் இந்த மரத்தைக் காட்டிக் கேட்டால் காட்டு மரம் என்கிறார்கள். தேயிலையில் சம்பளம் வாங்குகிறவர்களுக்குத் தேயிலை மரம் தெரியவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். சீனத்திலோ, யுன்னானின் ஜிங்மாய் மலையில், காட்டு நிழலில் வளர்ந்த பழைய தேயிலை மரத் தோப்புகளை 2023 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது. அங்கே மரத்தில் ஏறிக் கொழுந்து எடுக்கிறார்கள்.

டிக்கோயா மரத்தை எனக்குக் காட்டியவர் தேயிலையை வெட்டிவிடும் கவ்வாத்து வேலையில் காலம் கழித்த ஒரு பெரியவர். கவ்வாத்து தொடங்கும் நாளில் கவ்வாத்துச்சாமிக்குப் படைத்த பிறகே கத்தியைத் தொடுகிற தலைமுறை. மரத்தைத் தட்டிச் சொன்னார்: “தம்பி, நாங்க இடுப்பளவுல வெட்டிக்கிட்டே இருந்தோமே, அதே தேயிலதான் இது. கத்தி படல, அவ்வளவுதான். விட்டிருந்தா எல்லாம் இப்படித்தான் போயிருக்கும்.” பிறகு பக்கத்து நிறையில் ஒரு கிழட்டுச் செடியைக் காட்டினார். நாலைந்து வருடத்துக்கொரு வெட்டாக வாங்கி வாங்கி அடிக்கட்டை அகன்று, முடிச்சு முடிச்சாகத் திருகிக் கிடந்தது. இரண்டுக்கும் ஒரே வயதிருக்கும் என்றார். அதற்குப் பின் எந்தத் தேயிலை மலையைப் பார்த்தாலும் நான் முதலில் அடிக்கட்டையைத்தான் பார்க்கிறேன்.

விதை உதிரும் காலத்தில் பை எடுத்துக்கொண்டு போகிறேன். தேயிலை விதை நாள்பட்டால் முளைக்காது. பொறுக்கிய கையோடு வாளியில் போட்டு அமிழ்ந்ததைப் பிரிக்க வேண்டும். முளைத்த கன்றுகளை வீட்டுக்குப் பின்னால் சிறு துண்டு நிலம் வைத்திருக்கிறவர்களுக்குக் கொடுக்கிறேன். கொழுந்து பறிக்கக் கூடாது, கத்தி வைக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். சவுக்கோ ஜக்கரண்டாவோ கேட்கிறவர்களே அதிகம். வாங்கிப்போன சிலரது வேலியோரத்தில் கன்று இப்போது தோளுயரம் வந்துவிட்டது. ஒன்றின் இலை வெளிர்பச்சை, இன்னொன்றின் துளிர் செம்பு.