ஸ்வாமிக்குத் திங்கட்கிழமை பிடிக்காது

'மால்குடி டேஸ்' என்றதும் உங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த ட்யூன்தான், இல்லையா? எல்.வைத்தியநாதன். 'ஏழாவது மனிதன்' படத்தில் பாரதியாருக்கு மெட்டமைத்தாரே, அதே மனிதர். அடுத்தது ஆர்.கே.லக்ஷ்மணின் கோட்டோவியங்கள். மூன்றாவதாக, அரை டிராயரும் அகலக் கண்ணுமாக மாஸ்டர் மஞ்சுநாத். 1980களின் பிற்பாதியில் தூர்தர்ஷன் பார்த்த தலைமுறைக்குப் பையன்கள் பள்ளிக்கூடம் என்றாலே இந்த மூன்றும்தான். ஷங்கர் நாக் இயக்கிய 'ஸ்வாமியும் சிநேகிதர்களும்' பகுதியைத்தான் சொல்கிறேன். இன்டர்நெட்டில் தேடினால் இன்றைக்கும் கிடைக்கிறது.

பையன்கள் பள்ளியை வைத்து வெள்ளைக்காரர்களும் படம் எடுத்திருக்கிறார்கள். 1939ல் 'குட்பை மிஸ்டர் சிப்ஸ்', 1940ல் 'டாம் பிரவுன்ஸ் ஸ்கூல் டேஸ்'. முன்னதில் ராபர்ட் டொனாட்டுக்கு ஆஸ்கர்கூட கிடைத்தது. இரண்டிலும் கடைசியில் நம் மனசில் நிற்பவர் வாத்தியார். கண்டிப்பானவர், ஆனால் உள்ளுக்குள் தங்கம்! ஆர்.கே.நாராயண் அந்த வேலையே செய்யவில்லை. 1935ல் கிரஹாம் கிரீனின் முயற்சியால் லண்டனில் வெளிவந்த நாவலில், பள்ளிக்கூடத்தைப் பையனின் உயரத்திலிருந்துதான் காட்டினார். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் முதலில் தெரிவது வாத்தியாரின் மனசு இல்லை. பிரம்பு.

ஷங்கர் நாக் அந்த உயரத்தை விடவில்லை. சீரியலின் பெரிய வெற்றி அதுதான். மஞ்சுநாத்துக்கு வசனமே தேவையில்லை; பயம், பொய், அசட்டுத் துணிச்சல் எல்லாம் முகத்திலேயே ஓடும். அப்பாவாக வரும் கிரீஷ் கர்னாட், அதட்டலுக்குள் பாசத்தை ஒளித்து வைத்திருக்கிறார்.

அந்த அப்பா நாவலில் ஒரு கணக்குப் போடச் சொல்வார். ராமனிடம் பத்து மாம்பழம், பதினைந்தணா சம்பாதிக்க நினைக்கிறான். கிருஷ்ணனுக்கு நாலு பழம் போதும். எவ்வளவு கொடுக்கவேண்டும்? ஸ்வாமிக்கோ வேறு சந்தேகம்: பழம் பழுத்ததா, காயா? காதைத் திருகுகிறார் அப்பா. பி.காம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், விடை ஆறணா. ஆனால் சரியான கேள்வி ஸ்வாமி கேட்டதுதான். சரக்கைப் பார்க்காமல் எந்த வியாபாரி விலை சொல்வான்?

இவ்வளவு பாராட்டிவிட்டு ஒரு குறை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சீரியல் ரொம்ப அழகாக இருக்கிறது. அதுதான் குறை. ஷிமோகா மாவட்டத்து ஆகும்பேயில் எடுத்தார்கள். மழைக்குப் பேர்போன ஊர். ஓட்டு வீடு, பச்சை மலை, ஈர மண். ஆனால் மால்குடி மலைக் கிராமம் இல்லை. ரயில்வே ஸ்டேஷன், கோர்ட், முனிசிபாலிட்டி, மிஷன் பள்ளி எல்லாம் உள்ள, வெயில் காயும் ஊர். நாராயண் பிறந்ததும் படித்ததும் சென்னை புரசைவாக்கத்தில். லூத்தரன் மிஷன் பள்ளியில். ஸ்வாமியின் ஆல்பர்ட் மிஷன் பள்ளியில் அதன் சாயல் இருக்கிறது. ஆகும்பேயைவிட எங்கள் காஞ்சிபுரம் மால்குடிக்குக் கிட்டே. இங்கே ஸ்காட்லாந்து மிஷனரி பெயரில் ஆண்டர்சன் பள்ளி உண்டு. அண்ணா படித்த பச்சையப்பன் பள்ளியும் உண்டு.

ஊர் அழகானதும் பயம் குறைந்துவிடுகிறது. நாவலில் ஸ்வாமி இரண்டு பள்ளிகளை விட்டு ஓடுகிறான். இரண்டாவதில் ஹெட்மாஸ்டரின் பிரம்பையே பிடுங்கி வீசிவிட்டு ஓடி, இருட்டில் காட்டுப் பாதையில் சிக்கிக்கொள்கிறான். அது குறும்பு இல்லை சார், தப்பித்தல். நாமோ அந்த மழையையும் மெட்டையும் கேட்டுவிட்டு, 'ஆஹா, அதெல்லாம் ஒரு காலம்' என்று பெருமூச்சு விடுகிறோம். அடி வாங்கிய காலத்துக்கு ஏங்க வைப்பது சினிமாவால்தான் முடியும்!

நாராயண் ஏங்கவில்லை. 1986ல் ராஜ்யசபாவுக்கு நியமிக்கப்பட்டவர், 1989ல் தன் முதல் பேச்சில் எடுத்துக்கொண்ட விஷயம் குழந்தைகள் முதுகில் தொங்கும் புத்தகப் பை. பிறகு யஷ்பால் கமிட்டி வந்தது, 1993ல் 'சுமையில்லாத கற்றல்' என்று அறிக்கை கொடுத்தது. தமிழ்நாட்டில் பிரம்படிக்குத் தடை வந்தது 2003ல். ஸ்வாமி ஓடி அறுபத்தெட்டு வருஷம் கழித்து!

காஞ்சிபுரத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்தால் இன்னொன்றும் உறைக்கும். கோர்வைப் புடவைக்கு உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடவேண்டும். ஒரு நெசவாளி இரண்டு கைகளால் மூன்று நாடாவைத் தள்ள முடியாது. பக்கத்தில் உதவிக்கு ஒரு ஆள் வேண்டும். அன்றைக்குப் பல தறிகளில் அந்த ஆள் ஒரு சிறுவனாக இருந்தான். பெற்றவர்கள் வாங்கிய முன்பணம் கழியும்வரை அவனுக்குப் பள்ளிக்கூடம் இல்லாமல் இருந்தது. 2003ல் மனித உரிமை கண்காணிப்பகம், பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி எழுதிய அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986ல் வந்தபோது, குடும்பத்தோடு வீட்டில் செய்யும் தொழிலுக்கு விலக்குக் கொடுத்திருந்தார்கள். தறி இருப்பது வீட்டில்தானே!

ஆக, சீரியல் ஓடிய காலத்தில் டிவியில் ஒரு பையன் பள்ளியை விட்டு ஓடிக்கொண்டிருந்தான். இங்கே ஒரு பையன் பள்ளிக்குப் போகமுடியாமல் நாடா தள்ளிக்கொண்டிருந்தான். ஸ்வாமிக்குத் திங்கட்கிழமை பிடிக்காது. அவனுக்குத் திங்கள், செவ்வாய் எல்லாம் ஒன்றுதான். அதற்காக ஸ்வாமியின் பயம் பொய்யாகிவிடாது. ஒருவனை உள்ளே சேர்க்கவில்லை, இன்னொருவனை உள்ளே வைத்து அடித்தார்கள். இரண்டு பேரையும் 'உனக்கு என்னப்பா வேண்டும்?' என்று யாரும் கேட்கவில்லை.

சீரியலைப் பாருங்கள், குழந்தைகளோடு பாருங்கள். ஆனால் ட்யூன் முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு நாவலின் கடைசி அத்தியாயத்தையும் படியுங்கள். மேட்சுக்கு வராத கோபத்தோடு ராஜம் ரயிலேறுகிறான். பிளாட்பாரத்தில் ஸ்வாமி ஒரு கதைப் புத்தகத்தை அவனிடம் சேர்ப்பிக்கிறான். ராஜம் மன்னித்தானா, கடிதம் போடுவானா? நாராயண் சொல்லவில்லை. பத்து வயசுப் பையனின் துக்கத்துக்குப் பெரியவர்கள் பதில் கண்டுபிடித்துத் தரவேண்டாம், இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாலே போதும் என்று நினைத்திருப்பார்.